இணையவழிப் பாடகர் குழு நடத்துவதைத் தொழிலாக எடுக்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது ஒரு கேள்விபோலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. பெரியகல்லாற்றில் உங்களோடு தேவாலயக் கொயரில் பாடிய பாதிப்பேர் இப்போது கனடாவிலும் சுவிஸிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள், எல்லோரையும் சூமில் கூட்டிப் பாடிப் பார்த்தபோது ஒரு வரிகூட ஒன்றாக வரவில்லை, ஆனால் எரிக் விட்டேக்கர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 17,000 பேரை அவரவர் வீட்டிலிருந்தபடியே பாடவைத்த வீடியோவைப் பார்த்திருக்கிறீர்கள். அவருக்கு முடிந்தது எங்களுக்கு ஏன் முடியவில்லை என்பது முதலாவது கேள்வி. அவரைப்போல நானும் இதையே தொழிலாக எடுக்கலாமா என்பது இரண்டாவது. அதைக் கடைசி வரியில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் கேட்க வந்ததே அதுதான் என்று எனக்குப் படுகிறது. நான் மட்டக்களப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் தேவாலயக் குழுக்களையும் வருடக்கணக்காகப் பாடவைத்து வருகிற ஆள். முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்வேன். இரண்டாவதில் என் அனுபவத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது, அந்த எல்லை வரும்போது சொல்கிறேன்.

முதலில், அந்த 17,000 பேரும் ஒரே நேரத்தில் பாடவில்லை. ஒருவர் குரலை மற்றவர் கேட்கவும் இல்லை. ஒவ்வொருவரும் தனியறையில், காதில் ஒரு வழிகாட்டும் ஒலியைக் கேட்டுக்கொண்டு, முன்னால் விட்டேக்கர் கை அசைக்கும் வீடியோவைப் பார்த்துக்கொண்டு, தன் பகுதியை மட்டும் பாடிப் பதிந்து அனுப்பினார்கள். பிறகு ஒரு தொழில்நுட்பக் குழு உட்கார்ந்து அத்தனையையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது. நீங்கள் சூமில் செய்யப் பார்த்தது முற்றிலும் வேறு வேலை, அது உங்கள் குறையால் தோற்கவில்லை. எந்தப் பெரிய இசை நடத்துநர் வந்து நின்றிருந்தாலும் அதே குழப்பம்தான் வந்திருக்கும்.

காரணம் தாமதம். ஒலி காற்றில் ஒரு செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் போகும். ஒரு குழு மண்டபத்தில் ஐந்து மீற்றர் அகலத்தில் நின்றால் ஒரு ஓரத்துக் குரல் மறு ஓரத்துக்கு வர 15 மில்லிசெக்கன் பிடிக்கும், அதைக் காது கணக்கில் எடுக்காது. ஆனால் அந்த இடைவெளி 25, 30 மில்லிசெக்கனைத் தாண்டினால் நிலைமை மாறிவிடும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் என்பவர் ஆட்களைத் தனித்தனி அறைகளில் வைத்துக் கைதட்ட வைத்து இதைச் சோதித்திருக்கிறார். தாமதம் கூடக் கூட ஒருவருக்காக மற்றவர் காத்திருந்து காத்திருந்து தாளம் இழுபடத் தொடங்கிவிடும். சூம் போன்றவற்றில் தாமதம் சாதாரணமாக 150 மில்லிசெக்கனில் இருந்து அதற்கு மேலே ஏறும், இங்கே போன் டேற்றாவில் 300 வந்தால் ஆச்சரியமில்லை. 300 மில்லிசெக்கன் என்றால் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்: மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் ஒரு கோல் கம்பத்தடியில் நீங்கள், மறு கோல் கம்பத்தடியில் உங்கள் டெனர், அதாவது உயர்ந்த ஆண்குரல் பாடகர், இருவரும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றாகப் பாடுவதுபோல. அதற்கு மேல் அந்தச் செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. நீட்டிப் பிடிக்கும் ஒரு சுரத்தை அவை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கும், இரண்டு பேர் ஒன்றாக ஒலி எழுப்பினால் ஒருவரை முன்னுக்குக் கொண்டுவந்து மற்றவரைப் பின்னுக்குத் தள்ளும். சூமில் இயல்பான ஒலியை அப்படியே விடச் சொல்லும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதைப் போட்டால் அமுக்குவது குறையும், தாமதம் குறையாது.

ஜாமுலஸ், ஜாக்ட்ரிப் என்று இசைக்காகவே செய்த செயலிகள் இருக்கின்றனவே என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். உண்மைதான், நல்லவைதான், ஜாமுலஸ் இலவசமும்கூட. ஆனால் வயர் போட்ட ஃபைபர் இணைப்பும் கணினியும் நல்ல மைக்கும் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், முக்கியமாக இரண்டு பக்கமும் கிட்ட இருக்க வேண்டும். மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் இடையில் சரிவரலாம். ரொறன்ரோவுக்கு ஒருபோதும் சரிவராது, இதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் இது செயலியின் பிரச்சினையே இல்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர்தான் போகும். இங்கிருந்து ரொறன்ரோ நேர்கோட்டில் சுமார் 14,000 கிலோமீற்றர். ஆக, உலகத்தில் எந்த இயந்திரமும் குறுக்கே வராமல் போனாலே ஒரு பக்கத்துக்கு 70 மில்லிசெக்கன். நடைமுறையில் கேபிள் வளைந்து வளைந்து போய் அதைவிடக் கூடத்தான் ஆகும். விட்டேக்கரே 2013இல் டெட் என்ற உரை நிகழ்ச்சி மேடையில் ஒரு குழுவை நிறுத்தி, 30 நாடுகளில் இருந்து பாடகர்களை ஸ்கைப்பில் நேரடியாகச் சேர்த்துப் பாடவைத்தார். அங்கே அவர் தாமதத்தோடு சண்டை பிடிக்கவில்லை, குரல்கள் முன்பின்னாக வந்து விழுவதே அழகாக இருக்கும் ஒரு இசையை எடுத்தார். நல்ல நடத்துநருக்கு அந்தப் புத்தி வேண்டும்.

இப்போது அவர் கதைக்கு வருவோம், உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது. 2009இல் ஒரு இளம் பெண் அவருடைய பாடல் ஒன்றின் சோப்ரானோ, அதாவது உயர்ந்த பெண்குரல் பகுதியைத் தனியாகப் பாடி யூடியூப்பில் அவருக்கு அனுப்பியிருந்தார். இப்படியே நான்கு குரல்களுக்கும் ஆட்கள் பாடி அனுப்பினால் என்ன என்ற யோசனை அங்கேதான் பிறந்தது. 2010இல் வந்த முதல் வீடியோவில் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேர். 2011இல் 58 நாடுகளில் இருந்து 2,052 பேர். 2012இல் 73 நாடுகள், 3,746 வீடியோக்கள். 2013இல் 101 நாடுகள், கிட்டத்தட்ட 6,000 பேர். கொரோனா முடக்கத்தில் 2020இல் வந்ததுதான் நீங்கள் பார்த்தது, 129 நாடுகளில் இருந்து 17,572 பேர். முதல் வீடியோவுக்காக அவர் முழு அமைதியில் நின்று, இசையை மனதுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டு கை அசைத்துப் பதிந்தார், பிறகுதான் அதற்குக் கீழே பியானோவை வாசித்துச் சேர்த்தார். எங்கே மூச்சு, எங்கே குரல் எழும்ப வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்பதை ஒரு பாடகரும் முன்னால் இல்லாமல் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். மண்டபத்தில் நிற்கும் நடத்துநர் குழுவைக் கேட்டுக் கேட்டுக் கையை மாற்றுவார். இங்கே கேட்க யாருமில்லை. எனக்கு அவருடைய வேலையில் மிகக் கடினமாகத் தெரிவது இதுதான், ஆயிரம் வீடியோவை அடுக்கியதைவிட.

ஆனால் 2010இல் அவர் யார்? 1970இல் பிறந்தவர், அப்போது வயது 40. நெவாடாவில் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது சுரக்குறிப்பு வாசிக்கக்கூடத் தெரியாது, பொப் பாடகராக வர ஆசைப்பட்டவர். பல்கலைக்கழகக் கொயரில் சேர்ந்து மொசார்ட்டின் ரெக்வியம் என்ற இரங்கற் பூசை இசையைப் பாடியபோதுதான் வாழ்க்கை திரும்பியது. 21 வயதில் அந்தக் கொயருக்கே தன் முதல் பாடலை எழுதினார், பிறகு நியூயோர்க்கில் ஜூலியார்டில் முறையாகப் படித்தார். இணையத்துக்கு வரும்போது அவர் கொயர்களுக்காக எழுதத் தொடங்கி ஏறத்தாழ 20 வருடம் ஆகியிருந்தது, அவருடைய பாடல்களைப் பல நாட்டுக் கொயர்கள் ஏற்கனவே பாடிக்கொண்டிருந்தன. அந்த 185 பேரில் பலர் முன்பே அவர் பாட்டைப் பாடியவர்கள், அல்லது பாட ஆசைப்பட்டவர்கள். வீடியோக்கள் உலகப் புகழைக் கொண்டுவந்தன, சந்தேகமில்லை. சோறு போட்டது எது என்றால் எழுதிய பாடல்களும், அழைத்த இடமெல்லாம் போய் நடத்திய கச்சேரிகளும், லொஸ் ஏஞ்சலிஸ் மாஸ்டர் கொரால் என்ற பெரிய கொயர் போன்ற இடங்களில் கிடைத்த பதவிகளும் என்றுதான் நான் விளங்கிக்கொள்கிறேன். அவருடைய கணக்குப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் 2013 வீடியோவைச் செய்ய அவர் கிக்ஸ்டாட்டரில் பொதுமக்களிடம் பணம் திரட்ட வேண்டி வந்தது என்பதே இது காசு கொட்டும் வேலை இல்லை என்று காட்டுகிறது.

2020இல் இந்த வழிக்கு வந்த வேறு ஆட்களையும் பாருங்கள், உங்களுக்கு அவர்கள் கதை கூடப் பொருந்தலாம். அந்த வருடம் மார்ச் 10ஆம் திகதி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் பள்ளத்தாக்கு என்ற இடத்தில் 61 பேர் கூடி இரண்டரை மணிநேரம் கொயர் ஒத்திகை செய்தார்கள். அதில் ஒருவருக்குக் கொரோனா இருந்தது, மற்ற 60 பேரில் 52 பேருக்கு உறுதியாகவோ பெரும்பாலுமோ தொற்றியது, இரண்டு பேர் இறந்துபோனார்கள். சேர்ந்து பாடுவதே ஆபத்து என்ற நிலை வந்தது. அப்போது பிரித்தானியாவில் ஜேம்ஸ் சில்ஸ் என்ற கொயர் தலைவர் சூமில் நூற்றுக்கணக்கானோரைக் கூட்டி, எல்லோருடைய மைக்கையும் மூடிவிட்டுப் பாடவைத்தார். அவர் பாடுவதை எல்லோரும் கேட்பார்கள், அவரவர் வீட்டில் கூடவே பாடுவார்கள், மற்றவர் முகத்தைப் பார்ப்பார்கள், குரலைக் கேட்கமாட்டார்கள். கேட்க வெறுமையாகத் தெரியும், ஆனால் ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். அங்கேயே கரெத் மலோன் என்ற இன்னொரு கொயர் தலைவரும் அதே மாதத்தில் வீட்டுக் கொயர் ஒன்றைத் தொடங்கினார். இவர்கள் அடுக்கிய வீடியோவை மட்டும் நம்பியிருக்கவில்லை, ஒரு குறித்த நேரத்தில் ஆட்களைக் கூட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததுதான் இவர்கள் வேலை. நேரில் சேர்ந்து பாடுவது முன்பின் தெரியாதவர்களைக்கூட விரைவாக நெருக்கமாக்கும் என்பதற்கு ஒக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2015இல் நல்ல சான்று தந்திருக்கிறார்கள். மைக்கை மூடிப் பாடும்போது அதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதில் அதே உறுதியோடு நான் பேசமாட்டேன். நான் பாடவைத்த பிள்ளைகள் விஷயத்தில் மிஞ்சியது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அவர்கள் அதற்கு முன்னமே ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள்.

இன்னொன்றையும் நான் இங்கே எழுதாமல் விடமுடியாது. கொயர் என்றதும் நாங்கள் உடனே நான்கு குரல், ஆங்கிலப் பாட்டு என்று போய்விடுகிறோம். நம்முடைய மண்ணில் வடமோடி, தென்மோடிக் கூத்துகளுக்குப் பிற்பாட்டுப் பாடியவர்கள் யார்? வட்டக்களரியின் நடுவில் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார், சல்லரித் தாளம் போகும், கூத்தர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார்கள், கையில் கோல் ஒன்றும் இல்லாமல் மத்தளத்தாலும் குரலாலும் ஒரு இரவு முழுவதையும் ஒருவர் நடத்திச் செல்வார். அது முழுமையான குழுப் பாடல் கலை. பேராசிரியர் வித்தியானந்தன் அறுபதுகளில் பேராதனையில் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்ததும், பேராசிரியர் மௌனகுரு மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து எழுதியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மரபில் முதலில் சட்டம், அதாவது ஒவ்வொருவர் பாட்டையும் எழுதிய ஏட்டைக் கொடுப்பார்கள், அவரவர் தன் பாட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பாடமாக்குவார்கள், மாதக்கணக்கில் பழகுவார்கள், அடுக்குப் பார்ப்பது என்ற முழு ஒத்திகை செய்வார்கள், பிறகுதான் அரங்கேற்றம். விட்டேக்கரின் முறையும் இதே வரிசையில்தான் போகிறது, அரங்கேற்றத்தன்று மட்டும் எல்லோரும் ஒரு களரியில் இல்லை. ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடும் வடிவத்துக்கு இணையத்தில் ஒரு வசதியும் இருக்கிறது: நீங்கள் அடியைப் பாடிவிட்டு நிறுத்துகிறீர்கள், ரொறன்ரோவில் இருப்பவர் கால் செக்கன் பிந்தி வாங்கிப் பாடுகிறார், உங்கள் தாளம் அதனால் குலையாது, ஏனென்றால் நீங்கள் அவர் குரலுக்காகக் காத்திருக்கவில்லை. ஆகவே நேரடியாகச் சேர்ந்து பாட ஆசையென்றால் நான்கு குரல் கீதத்தைவிட இப்படிப்பட்ட பாட்டை எடுங்கள்.

பதிந்து அடுக்கி ஒரு வீடியோ செய்ய விரும்பினால், என் கையால் செய்து பார்த்ததில் இருந்து சொல்கிறேன். வழிகாட்டும் ஒலி நன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு குரலுக்கும் குழுவில் சுருதி பிசகாத ஒருவரை, குரலை நடுக்காமல் நேராகப் பாடக்கூடியவரைப் பிடித்துத் தனித்தனி ஒலிப்பதிவு செய்யுங்கள், அடியில் மெல்லிய தாளச் சத்தம் இருக்கட்டும், தொடங்குமுன் ஒரு தாளச் சுற்று எண்ணிவிடுங்கள். மூச்சு எடுக்கும் இடத்தில் அவர் மூச்சுச் சத்தம் கேட்கட்டும், அதை வெட்டாதீர்கள், கேட்பவர் தானாக அங்கே மூச்சு எடுப்பார். வரி முடிவில் வரும் சொல்லின் ஒற்றுக்களில் கவனம். 'காற்று' என்பதில் வரும் ற்-ஐ இருபது பேர் இருபது இடத்தில் சொன்னால் ஓடியோவில் பட்டாசு வெடித்த மாதிரி இருக்கும், எந்தத் தட்டில் என்று கையால் காட்டிக்கொடுங்கள். புளூடூத் இயர்போன் வேண்டவே வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லுங்கள். அது ஒலியைப் பிந்திக் கொடுக்கும், ஒவ்வொரு செட்டும் ஒவ்வொரு அளவில் பிந்தும். வயர் இயர்போன், அதுவும் ஒரு காதில் மட்டும், மற்றக் காதால் தன் குரலைக் கேட்க வேண்டும். பதிவு தொடங்கும்போது வழிகாட்டும் ஒலியில் குறித்த இடத்தில் ஒருமுறை கைதட்டச் சொல்லுங்கள், அடுக்கும்போது அந்தத் தட்டை வைத்து எல்லாவற்றையும் நேராக்கலாம். மின்விசிறியை நிறுத்தி, மெத்தை, திரைச்சீலை உள்ள அறையில் பாடச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கி வரும், ஆவணமாக அனுப்பச் சொல்ல வேண்டும், இதை நீங்கள் பத்துத் தடவை சொன்னாலும் சில மாமிமார் வீடியோவாகத்தான் அனுப்புவார்கள், பொறுமை வேண்டும். ஓடியோவை அடுக்க ஓடாசிட்டி இலவசமாகக் கிடைக்கிறது, தொடங்குவதற்கு அது போதும்.

சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் நிறைந்த பாட்டை இப்படி அடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஒவ்வொருவர் அசைவும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும், நேரில் பாடும்போது அது கலந்து இனிமையாக வரும், இருபது போன்களில் தனித்தனியாகப் பதிந்ததை அடுக்கினால் கலங்கிப்போய்விடும். நேரான சுரங்களில் நடக்கும் கீர்த்தனை ஒன்றை எடுங்கள். இதில் என்னோடு உடன்படாத இசை ரீச்சர்மார் இருக்கிறார்கள், அவர்கள் செய்து காட்டினால் நான் முதல் ஆளாகக் கேட்பேன்.

சரி, தொழில். இங்கே இணையவழிக் கொயரை மட்டுமே நம்பி வீட்டுச் செலவைக் கொண்டுநடத்தலாம் என்று நான் சொல்லமாட்டேன். வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஓரிரு மாலைகள் குழுவாகப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து ஓரளவு வருமானம் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அது நடக்கிற காரியம்தான். ஆனால் அந்தத் தாய்தகப்பன் உங்களிடம் பிள்ளையை விடுவதற்கு நீங்கள் ஊரில் ஒரு குழுவை நன்றாகப் பாடவைத்தவர் என்ற பெயர் முதலில் வேண்டும். அதனால் அறையில் நிற்கும் குழுவை விடாதீர்கள். கல்லாற்றில் மிச்சமிருக்கும் பாதிப்பேரை வாரம் ஒருமுறை கூட்டுங்கள், எட்டுப் பேர் என்றாலும் போதும். கையை எப்படி அசைப்பது என்பதைவிட, பாடுகிறவர் எங்கே தவறுகிறார் என்று கேட்கும் காதுதான் நடத்துநரின் சொத்து, அது வீடியோவில் வளராது. படிப்பென்றால் கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கர்நாடக இசையைப் பட்டமாகப் படிக்கலாம், மேற்கத்தைய இசைக்குக் கொழும்பில் கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது, ட்ரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் என்ற பிரித்தானிய இசைப் பரீட்சைகளும் இலங்கையில் எடுக்கலாம். இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரிந்த நடத்துநர்கள் கிழக்கில் மிகக் குறைவு, உங்களுக்கு அதில் இடமிருக்கிறது என்று நான் மனதார நம்புகிறேன். சம்பளம், வெளிநாட்டுப் பணம், வரி இவற்றில் என் சொல்லைக் கடைசிச் சொல்லாக எடுக்காமல் அதைச் செய்துகொண்டிருப்பவர்களிடம் நேரே கேளுங்கள்.

வீடியோவை யூடியூப்பில் போடப் போகிறீர்கள் என்றால் உரிமையை முதலிலேயே பாருங்கள். விட்டேக்கர் பாடவைத்தது தன் சொந்தப் பாட்டு, குறிப்புகளைப் பாடகர்களுக்கு இலவசமாகக் கொடுக்க அவரால் முடிந்தது. நீங்கள் வேறொருவர் பாட்டை எடுத்தால் அனுமதி வேண்டும், உரிமைக்காலம் முடிந்த பழைய கீர்த்தனை என்றால் பிரச்சினை இல்லை. கூத்துப்பாட்டு என்றால் சட்டப்படி தேவையோ இல்லையோ, அந்த ஊர் அண்ணாவியாரிடம் வெற்றிலை வைத்துக் கேட்டு, அவர் பெயரையும் ஊரையும் வீடியோவின் தொடக்கத்திலேயே போடுங்கள். இப்போது எனக்கு இரண்டு விஷயம் எழுதி அனுப்புங்கள்: ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, அவர்களில் வயர் இயர்போன் வைத்திருப்பவர்கள் யார் யார் என்பது ஒன்று, உங்கள் குழுவுக்கு ஏற்கனவே மனப்பாடமாக இருக்கும் பாட்டுகள் எவை என்பது மற்றது. அதைப் பார்த்துவிட்டு எதை முதலில் எடுக்கலாம், எந்தச் சுருதியில் வைக்கலாம் என்று சொல்கிறேன்.